பதில் ஹார்ன்

ராஜாராம் வளைவுக்கு முன்னால் ஹார்ன் அடித்தான். பதிலுக்கு ஒரு ஹார்ன் கேட்டது. ஆனால் ஜீப்பைத் திருப்பியபோது எதிரே எந்த வண்டியும் இல்லை.

போடிமெட்டு மலையில் ஏறுகிறவன் வளைவுக்கு வளைவு ஹார்ன் அடிப்பான். இறங்குகிறவன் பதில் அடித்து, ஒதுங்கி நின்று வழிவிடுவான். பதில் அடித்தவன் எங்கே போனான் என்று பக்கத்தில் இருந்த அவன் மனைவி சுந்தரம்மாள் அதிகம் யோசிக்கவில்லை. கல்யாணமாகி நாலு வருஷத்தில் இதுதான் முதல் பயணம். கொச்சியில் கடலோரம் நாலு நாள். கடலை அவள் பார்த்ததே இல்லை. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் சுருண்டு கிடந்த மனுஷன், நேற்று திடீரென்று "கெளம்பு, கடலுக்குப் போவோம்" என்றதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. விடிவதற்குள் எழுந்து புளிச்சோறு கிண்டினாள். அந்தத் தூக்குச்சட்டி இப்போது மடியில் இருந்தது. கதவில்லாத ஜீப்புக்குள், ஏலத்தோட்டத்து ஈர வாசனையையும் சூடேறிய இன்ஜினின் நாற்றத்தையும் கலந்துகொண்டு, பட்டப்பகலிலேயே மூடுபனி மெல்ல ஏறி உட்கார்ந்தது.

அடுத்த வளைவு. மறுபடி பதில் வந்தது. இந்தத் தடவை அவளுக்குப் பிடிபட்டது. சளி பிடித்த ஆடு கத்துவது போன்ற ஹார்ன். அவர்கள் ஊர் சிலமலையில் தினமும் விடியலில் அவர்கள் தெருமுனையில் நின்று அடிக்கும். பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் தூக்குச்சட்டியோடு எஸ்டேட் வேலைக்கு ஓடுவாள். தவசியின் ஜீப்பு. எட்டு நாளைக்கு முன் இதே மலையில் பள்ளத்தில் விழுந்து, தவசியும் கருப்பம்மாளோடு சேர்த்து ஏழு பெண்களும் செத்துப்போன ஜீப்பு.

"ஏங்க, இது தவசியண்ணே வண்டிச் சத்தமில்ல?"

"வாய மூடிக்கிட்டு வா."

அடுத்த வளைவில் அவன் ஹார்ன் அடிக்கவில்லை. இருந்தும் அந்தச் சத்தம் வந்தது. இடப்பக்கப் பள்ளத்துக்குள்ளிருந்து.

ராஜாராம் வண்டியை நிறுத்தினான்.

"அன்னிக்கு நீங்களும்தான லோடு ஏத்திக்கிட்டு எறங்குனீங்க?"

"அவன் அடிச்சான். கேட்டுச்சு. லோடோட எறக்கத்துல நிப்பாட்டிக் கெளப்பச் சள்ளையா இருந்துச்சு சுந்தரம். பதில் அடிக்கல. ஒதுங்கவும் இல்ல. அவன்தான் பள்ளத்துப் பக்கமா வண்டிய ஒடிச்சான்."

கடல் அவளுக்காக இல்லை. அவனுக்கு ஊரை விட்டு ஓடவேண்டியிருந்தது.

மறுபடியும் ஹார்ன். கிட்டத்தில். விட்டு விட்டு. தெருமுனையில் நின்று ஆள் கூப்பிடுகிற மாதிரி.

"இப்பவாவது பதில் அடிங்க!"

அவன் காதைப் பொத்திக்கொண்டான். அவளே எட்டி அமுக்கினாள்.

சத்தம் நின்றது. இலைகளில் நீர் சொட்டுவதும் நின்றது. பனி விலகியது.

ரோட்டோரம் முடிந்து வெறும் வெளியாக இருந்த இடத்தில், அவளுக்கு நேர் பக்கத்தில், அந்த ஜீப்பு நின்றது. சக்கரங்களுக்குக் கீழே ஒன்றுமில்லை. தவசி நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். பின்னால் ஏழு பெண்கள். தலைமுடியில் சேறு. மடியில் தூக்குச்சட்டிகள்.

கருப்பம்மாள் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"நெருங்கி உக்காருங்கடி. ரெண்டு பேரு வர்றாக."

பெண்கள் நகர்ந்தார்கள். ஈரப் பலகையில் இரண்டு பேருக்கு இடம் விழுந்தது. கூட்ட வண்டியில் ஏறுகிறவளின் சாமானை முதலில் வாங்கிக்கொள்வது போல, கருப்பம்மாள் கையை நீட்டினாள்.

சுந்தரம்மாளின் மடியில் கனம் குறைந்தது.