டிவிக்குள் பெய்த மழை

பெரியம்மாள் சாமை தானியக் குதிருக்குள் ஒளித்துவைத்திருந்த காசுமாலையைக் காணவில்லை. அது தெரிந்தபோது காலை மணி பதினொன்று. பன்னிரண்டரைக்கெல்லாம் கூலியாள் ராஜேஷ் போலீஸ் ஜீப்பில் உட்கார்ந்திருந்தான்.

எஸ்.ஐ. பஷீராவுக்கு மனசு ஒப்பவில்லை. சாட்சியோ பலமாக இருந்தது, அதுதான் தொல்லை. ஜீப்போரம் ராஜேஷின் மனைவி நதியா அழக்கூடத் தோன்றாமல் நின்றாள். திருட்டுப் பட்டத்தோடு மலையிறங்கியவனை ஜவ்வாது மலையில் எந்த வீட்டிலும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

குதிர் இருக்கும் கொட்டகை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். திருப்பத்தூரில் கடை வைத்திருக்கும் பெரியம்மாளின் மகன் சின்னராஜ், கொட்டகை வாசலில் ஒரு கேமரா மாட்டி, படம் வீட்டு டிவியில் ஓடும்படி செட்டாப் பாக்ஸில் இணைத்திருந்தான். பதிவாகாது, நேரமும் காட்டாது. ஓடும்போது பார்த்தால்தான் உண்டு. இன்று தாயும் மகனும் பார்த்துக்கொண்டிருக்கையில், கொட்டும் மழையில், கோணிப்பையைக் கொங்காணியாகத் தலைவழியே போட்ட ஒருவன் கொட்டகைக்குள் போய் வந்தான். முகம் தெரியவில்லை, கோணியில் நீல ஒட்டு தெரிந்தது. அது ராஜேஷின் கொங்காணி. கொட்டகையின் பின்பக்க ஆணியில்தான் எப்போதும் தொங்கும்.

"பாத்ததும் இன்னா செஞ்சீங்க?" பஷீரா சின்னராஜைக் கேட்டாள்.

"ஓடனேன் மேடம். போனா ஒர்த்தனும் இல்ல."

"நல்லா நனைஞ்சிருப்பீங்களே."

"எங்க நனைஞ்சேன்? நா எறங்கறப்ப தூறல்கூட இல்ல. மலை மழை அப்படித்தாங்க. இந்தக் கொல்லையில பேயும், அந்தக் கொல்லையில பேயாது."

கூடியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள். மலையில் பிறந்தவர்களுக்கு அது அதிசயமே இல்லை. வாணியம்பாடிக்காரியான பஷீராவுக்கு மட்டும் உறுத்தியது.

சின்னராஜ் அம்மா பக்கத்திலேயே இருந்ததாகச் சொன்னான். பெரியம்மாள் பெருமையாகத் தலையாட்டினாள். வந்த காலோடு கிளம்பிவிடுகிற பிள்ளை, நேற்றே வந்து, படம் அடிக்கடி நின்றுபோகிறதென்று பாக்ஸைச் சரிசெய்து கொடுத்தானாம். இன்று பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தானாம். உட்காருமுன் அவன் ஈரத் தலையை அவளே துவட்டிவிட்டாளாம்.

பஷீரா கொட்டகைக்குப் போய்க் குதிருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

"ஆஃப் பண்ணிடட்டுமா மேடம்?" சின்னராஜ் ரிமோட்டை எடுத்தான்.

"இருக்கட்டும்."

பாதி டீ குடித்திருப்பாள். டிவியில் காக்கி உடுப்புப் போட்ட ஒரு பெண் கொட்டகைக்குள் நுழைந்தாள். அது பஷீராவேதான்.

அவள் டீயைக் கீழே வைத்தாள். ரிமோட்டை வாங்கி, செட்டிங்ஸில் நெட்வொர்க், அதற்குள் வீடியோ ஸ்ட்ரீமிங் என்று தேடிப் போனாள். படத்தைத் தாமதித்து ஓட்டும் பஃபர் நேரம்: பத்து நிமிஷம்.

"படம் நிக்காம ஓட பத்து செகண்டு போதும், சின்னராஜ். பத்து நிமிஷம் எதுக்கு வெச்சீங்க?"

அவன் கண் வாசலில் நின்ற பைக்கின் பக்கம் போனது. காலையிலிருந்து டிவி முன்னால் ஆள் மாற்றி ஆள் இருந்ததால் அதைப் பழையபடி மாற்ற அவனுக்கு நேரமே வாய்க்கவில்லை.

பஷீரா பெரியம்மாள் பக்கம் திரும்பினாள். சொல்லக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"நீங்க பாத்தது அப்ப நடந்தது இல்லம்மா. பத்து நிமிஷம் முன்ன நடந்தது. அதான் டிவியில மழை, வெளிய இல்ல. கொங்காணிய ஆணியில மாட்டிட்டு வந்து, உங்க பக்கத்துல உக்காந்துகினு, தான் திருடுனத தானே பாத்திருக்காரு."

சின்னராஜின் பைக் சீட்டுக்கடியில் காசுமாலை இருந்தது. ராஜேஷ் ஜீப்பிலிருந்து இறங்கினான். பெரியம்மாள் கூப்பிட்டது காதில் விழுந்தும், அவனும் நதியாவும் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள்.

பஷீரா நீட்டிய மாலையைப் பெரியம்மாள் தொடவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத எடுத்துகினு அப்படியே போயிருக்கலாமேடா. எங்கிட்ட வந்து ஏன் தொவட்டத் தலயக் குடுத்த?"