குரூஸ் வீட்டுப் பெண்

மலையிலிருந்து ஆரவாரத்தோடு இறங்கி வரும் பொருநை நதி, கடலை நெருங்கும்போது தன் வேகத்தையெல்லாம் மறந்துவிடுகிறது. மணல்திட்டுகளைச் சுற்றி, நாணல்களிடையே தயங்கி, கடைசியில் ஓசையின்றி உப்புநீரில் கலந்துவிடுகிறது. அன்று மாலை கதிரவன் மேற்கே மறைந்து முடிவதற்குள் கிழக்குக் கடலிலிருந்து முழுநிலா எழுந்துவிட்டது. செம்மையும் வெண்மையும் கலந்த அந்த ஒளியில், முத்துக்குளிக்கும் தோணிகள் கரையில் அணைந்து கிடந்தன. அக்கரையில் தீப்பந்தங்கள் எரிந்தன. பந்தங்களுக்கு நடுவே பட்டுத்திரை இட்ட ஒரு பல்லக்கு இருந்தது.

வாசகர்களே, அந்தப் பல்லக்கு யாருக்காக வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முத்துக்கரையின் குடித்தலைவர் அவ்வாண்டு புயலில் கடலோடு போய்விட்டார். அவருக்கு ஒரே மகள், குமரியாள். தந்தையை இழந்த குடித்தலைவர் மகள் வல்லநல்லூர் அரசரின் அந்தப்புரத்துக்குரியவள் என்பது அவ்வரசின் வழக்கம். அவளை அழைத்துப்போக அரசரின் தூதராகத் தானாபதி உலகுடையார் வந்திருந்தார். ஆற்றைக் கடக்க ஓடம் வரவேண்டும். அதற்காகத்தான் அவர் காத்திருந்தார்.

இக்கரையில், ஓலை வேய்ந்த தேவாலயத்தின் பின்புறம், குமரியாள் ஒருவனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவன் அலோன்சோ தெ லா குரூஸ். ஸ்பானிய தேசத்தவன், போர்த்துகீசியர் கடற்படையில் கப்பித்தானாக, அதாவது கப்பல் தலைவனாக, ஊழியம் செய்பவன். புலவர் ஒருவரிடம் தமிழ் கற்றதால் சந்தையில் மீன் கேட்டாலும் ஏட்டுத் தமிழில்தான் கேட்பான்.

“கோவாக் கப்பல் வந்துச்சா, கப்பித்தானே?”

“பாய்கூடக் கண்ணில் படவில்லை.”

அந்தக் கப்பலில் அவர்கள் எதிர்பார்த்தது ஆயரின் அனுமதி. முந்தைய ஆண்டு அந்தக் கரை முழுவதும் ஞானஸ்நானம் பெற்றது. மாலுமிகளும் வீரர்களும் அவர்களுக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பன்மாராக நின்றார்கள். யார் நின்றாரோ அவருடைய குடும்பப் பெயரே ஞானஸ்நானம் பெற்றவருக்கும் வந்தது. ‘பர்னாந்து’ என்று அழைத்தால் பாதித் தெரு திரும்பிப் பார்த்தது. குமரியாளுக்கு அலோன்சோ நின்றான்; அவள் இசபெல் குரூஸ் ஆனாள். ஞானத்தகப்பன் ஞானமகளை மணக்கக் கூடாது என்பது திருச்சபையின் விதி. இவர்கள் இருவரும் மணக்க விதிவிலக்கு கேட்டுப் பாதிரியார் கோவாவுக்கு எழுதியிருந்தார்.

“அன்னைக்கி உம்மள யாரு முந்திக்கிட்டு வரச் சொன்னா? எனக்கு நிக்க வேண்டியது அந்த வழுக்கைத் தலை பெரெய்ராதான. அவரை இடிச்சுத் தள்ளிட்டுல்லா வந்து நின்னீரு!”

“அவன் பெயர் உனக்குப் பொருந்தாது.”

“ஏதோ பழமரம்னு அர்த்தமாம்ல அந்தப் பேருக்கு? மரமா இருந்துட்டுப் போறேன். இந்நேரம் உம்ம வீட்டுல அடுப்பு மூட்டியிருப்பேன்.”

அலோன்சோ சிரிக்க முயன்றான். முடியவில்லை.

“நீ தலைவர் மகள். என்னை ஏறிட்டுப் பார்ப்பாய் என்று அன்று நினைக்கவில்லை. என் பெயராவது உன்னோடு இருக்கட்டும் என்று எண்ணினேன். அவ்வளவுதான் கேட்டேன், குமரி. அவ்வளவுதான் கிடைத்தது.”

அவன் கரையில் கிடந்த தோணிகளின் பக்கம் திரும்பினான்.

“தோணி இருக்கிறது,” என்றான் பிறகு. “இப்போதே கடலில் இறங்கிவிடலாம்.”

“நாம போயிருவோம். ராசா ஆளுக தீ வச்சா, விடியுமுன்ன இந்த ஊர்ல ஒரு கூரை மிஞ்சுமா? நான் வரல.”

ஓடம் கரை தட்டும் ஓசை கேட்டது. இருவரும் ஊரார் கூடியிருந்த ஆற்றங்கரைக்கு வந்தார்கள்.

உலகுடையார் பண்பாளர். மணலில் கால் வைத்ததும் கூடியிருந்தவர்களை வணங்கினார்.

“அம்மணி, தங்கள் தந்தையாரின் மறைவு எம் அரசரை மிகவும் வருத்தியது. இனி அவரே தங்களுக்குத் தந்தை. பல்லக்கு காத்திருக்கிறது.”

“அந்தப்புரத்துக்குக் கூட்டிட்டுப் போற அப்பனா? நல்ல அப்பன்தான்வே!” என்றது கூட்டத்தில் ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். தானாபதி கேளாதவர் போல நின்றார்.

“எம் பேரு இசபெல் குரூஸ்,” என்றாள் குமரியாள். “பரங்கி வீட்டுப் பொண்ணுகளத் தொட மாட்டோம்னு ஒங்க ராசா வாக்குக் குடுத்துத்தான அவங்ககிட்ட குதிரை வாங்குதாரு?”

“கொடுத்த வாக்கை எம் அரசர் காப்பார். ஆனால் ஒரே நாளில் இந்த ஊருக்கே பெயர் மாறியதை நாங்களும் அறிவோம். பெயர் மாறினால் பிறந்த வீடு மாறிவிடுமா, அம்மணி? குரூஸ் என்று ஒரு தந்தை தங்களுக்கு உண்டென்றால், முன்வந்து சிலுவையைத் தொட்டுச் சொல்லட்டும். வந்த வழியே திரும்புகிறேன்.”

கூட்டம் அலோன்சோவைப் பார்த்தது. பாதிரியார் அவன் அருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

“யோசித்துச் செய், மகனே. இந்தச் சத்தியத்துக்குப் பிறகு கோவாவிலிருந்து எந்த அனுமதி வந்தாலும் பயனில்லை.”

குமரியாள் வேண்டாமென்று தலையசைத்தாள். அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டே பாதிரியாரின் கையிலிருந்த சிலுவையைத் தொட்டான்.

“தானாபதியாரே, குரூஸ் என்றால் சிலுவை. என் நாட்டில் அது எத்தனையோ பேருக்கு உள்ள பெயர். சிலுவை நின்ற தெருவில் குடியிருந்தவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது. சமயம் மாறிய சிலர் விரும்பி ஏற்றார்கள். பெற்றவர் இன்னாரென்று தெரியாத பிள்ளைகளுக்கும் அதை வைப்பதுண்டு. நான் அப்படிப்பட்டவன். ஒரு தேவாலயத்தின் வாசற்படியில் கிடந்தேன்.”

கரையில் சலசலப்பு எழுந்தது. பெருங்குடியில் பிறந்த பிரபு என்றே அதுவரை எல்லோரும் அவனை நினைத்திருந்தார்கள். குமரியாளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

“என் தந்தை யாரென்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. யாரோ ஒரு பெயரைக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அதுதான் என் வீடு. பெயரால் ஒருவன் மகனாக முடியாது என்றால் நான் யாருக்கும் மகன் இல்லை. முடியும் என்றால் இவள் என் மகள். உயிருள்ளவரை இவளை மகளாக அன்றி வேறு விதமாகக் காண மாட்டேன். சிலுவை மீது ஆணை.”

உலகுடையார் அவனை நெடுநேரம் உற்று நோக்கினார். மணம் பற்றிய பேச்சு அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். அவர் குரல் தணிந்திருந்தது.

“எம் அரசருக்கு இது போதும். ஆனால் பெண்ணும் ஒப்ப வேண்டும். தாங்களே ஒருமுறை அவரைத் தந்தை என்று அழையுங்கள், அம்மணி.”

நிலா நன்றாக மேலேறியிருந்தது. குமரியாள் அசையவில்லை. சொல்லாவிட்டால் பல்லக்கு. சொன்னால், எப்போதாவது வரப்போகும் கப்பலில் அவளுக்கு எதுவும் இல்லை. அவள் அலோன்சோவின் முகத்தை, இனி அப்படிப் பார்க்க முடியாத அந்த முகத்தை, முழுவதுமாக ஒருமுறை பார்த்தாள்.

“அப்பா,” என்றாள்.

“சொல், மகளே,” என்றான் அலோன்சோ தெ லா குரூஸ்.