ஆறுவதை நிறுத்தாத காயம்

எலிகள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்கவில்லை.

கூண்டுகளில் தலைகீழாக மாட்டியிருந்த போத்தல்களின் குழாய் நுனியில் சின்ன உருக்குக் குண்டு ஒன்று உண்டு. எலி நக்கினால் அது டிக், டிக் என்னும். எட்டு எலிகள் நாள் முழுக்க எழுப்பும் அந்தச் சத்தத்துக்கு ஸும்றாவின் காது எப்போதோ பழகிவிட்டது. அது இல்லாமல் போனதை உணர்ந்ததும் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டே கால். காவலாளி அபூசாலி ஜும்ஆவுக்காகச் சைக்கிளில் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார். வெளியே சோளகக் காற்று கண்டக்குழிக் கடற்கரை மணலை வாரி வாரித் தகரக் கூரையில் இறைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் இடுக்குகளால் நுழைந்து, அமிலத்தில் ஊறும் இறால் கோதுகளின் வாடையை அறை முழுக்கக் கலக்கியது.

மூன்றாம் இலக்க எலியைக் கையில் எடுத்தாள். திங்கட்கிழமை அதன் முதுகில் போட்ட வெட்டு ஆறியிருந்தது. தழும்புகூட இல்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அடையாளத்துக்காகக் காதில் குத்தியிருந்த மூன்று துளைகளையும் காணவில்லை. யாராவது எலியை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று காதை விரித்துப் பார்த்தாள். காதுக்குள்ளே போகும் வழியே இருக்கவில்லை. இளஞ்சிவப்புத் தோல் ஒன்று வழவழவென்று குறுக்கே ஓடி அதை அடைத்திருந்தது.

எலி அவள் உள்ளங்கைக்குள் துள்ளியது. திருப்பினாள். மூக்குத் துவாரங்கள் ஊசிக் குத்தளவு சுருங்கியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவையும் மூடின. வாய் இருந்த இடத்தில் ஒரு மடிப்பு மட்டும் இருந்தது. எலி பின்னங்கால்களால் தன் முகத்தையே பிறாண்டியது. நகம் பட்ட இடம் கிழிந்து இரத்தம் தெறித்தது. கிழிந்தது உடனே ஒட்டியது. ஸும்றா மேசையிலிருந்த சத்திரக்கத்தியை எடுத்து, வாய் இருக்க வேண்டிய இடத்தைக் கீறினாள். கீறலால் காற்று விசிலடித்துக்கொண்டு உள்ளே போனது. பிறகு நனைந்த கடதாசி இரண்டு ஒட்டிக்கொள்வது போலச் "சப்" என்றொரு சத்தம். மறுபடி கீறினாள். சப். மறுபடி கீறியபோது எலி முறுகிய முறுகலில் அதன் முதுகெலும்பு அவள் விரல்களுக்கிடையில் முறிந்தது.

மற்ற ஏழும் கூண்டுகளின் மூலையில் கிடந்தன. கண்ணுமில்லை, காதுமில்லை, மூக்குமில்லை. அவித்து உரித்த முட்டைகளைப் போல முகங்கள். மூச்சுக்கு வழியே இல்லாத அந்த உடம்புகளின் விலாக்கள் மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

அவளுக்குக் கில்பட் சேரின் கை நினைவுக்கு வந்தது.

அந்த இடம் முன்னொரு காலத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை. கொழும்புக் கம்பனியொன்று அதைக் குத்தகைக்கு எடுத்து ஆய்வுகூடமாக்கியிருந்தது. வேலை ஒன்றுதான், காயத்தை ஒட்டும் பசை. இறால் கோதை அமிலத்தில் கழுவி, கோஸ்டிக் சோடாவில் அவித்து, அதன் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைப் பிரித்துப் பசையாக்குவது கில்பட்டின் பங்கு. இரும்பு உப்பின் துளி ஒன்றை விட்டு அதை இறுகச் செய்யும் வழியையும் அவரே கண்டுபிடித்தார். அதற்குள் உயிரைப் போட்டவள் ஸும்றா. பாலாவி உப்பளச் சேற்றிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அவள் பிரித்தெடுத்த நொதியம், வெட்டுப்பட்ட சதையின் இரு விளிம்புகளையும் தேடிப் பிடித்து இணைத்தது. இணைந்ததும் அது நிற்க வேண்டும். அவளுடைய வரைபில் அது நிற்கவில்லை. நான்காம் நாளிலும் கோடு மேலே போய்க்கொண்டிருந்தது.

"சேர், இது நிக்கிதில்ல," என்று போன மாதமே காட்டினாள்.

"காயம் ஆறுதா, இல்லையா ஸும்றா?"

"ஆறுது."

"பிறகென்ன? மூணாம் நாளோட கோட்டை வெட்டி அனுப்புங்க."

அவள் வெட்டி அனுப்பினாள். வாப்பா மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்தவர். அகதி முகாமில் பிறந்த மகள் படித்து, கம்பனிக்காரர்கள் எழுந்து நின்று கைகொடுக்கும் நிலைக்கு வந்திருந்தாள். அந்தக் கையை இழக்க அவளுக்கு மனம் வரவில்லை. செவ்வாய்க்கிழமை குடுவையொன்று உடைந்து கில்பட்டின் உள்ளங்கை எலும்பு தெரியக் கிழிந்தபோதும், அவர் பசையைத் தானே பூசிக்கொண்டு, "இதக் கொப்பில எழுதாதீங்க," என்று சிரித்தபோதும், அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த நாளே காய்ச்சலென்று அவர் வீட்டில் தங்கிவிட்டார்.

போன் எடுத்தாள். மணி அடிக்கவேயில்லை. அவருடைய போன் செத்துக் கிடந்தது.

கில்பட் குடியிருந்த குவாட்டஸ் வீடு முற்றத்துக்கு அந்தப் பக்கம், நாற்பது எட்டு நடக்கும் தூரம். மணல் கண்ணில் குத்த, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நடந்தாள். தென்னோலைகள் தலைக்கு மேலே அடித்துக்கொண்டன. உச்சி வெயிலில் எல்லாமே வெள்ளையாக இருந்தது, முற்றம், மதில், வானம். கதவை நெருங்கியபோது காற்றின் இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. குதிகால் சீமெந்துத் தரையில் அடிபடும் சத்தம். தொம். தொம். தொம். பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளிக்குள்,

சப்.

கதவு சாத்தித்தான் இருந்தது. தள்ளினாள். கோழி வெட்டிய இடத்தின் சூடான இரும்பு வாடை முகத்தில் அறைந்தது. குசினித் தரையில் கில்பட் மல்லாந்து கிடந்தார். அவர் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக்கொண்டு, முழங்கைவரை சிவந்த கைகளால் மீன் வெட்டும் கத்தியை அவருடைய முகத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள் அவருடைய மனைவி யூஜீனியா.

"அக்கா!"

யூஜீனியா திரும்பவில்லை. கத்தி மறுபடி உயர்ந்தது. ஸும்றா பாய்ந்து அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். இருவரும் தரையில் வழுக்கி விழுந்தார்கள். யூஜீனியா அவள் தோளைக் கடித்தாள். ஸும்றா கத்தியின் அலகையே கையால் பற்றிப் பறித்து, அவளை உதைத்துத் தள்ள, யூஜீனியாவின் பின்மண்டை அலுமாரிக் கதவில் மோதிக் கண்ணாடி நொறுங்கியது.

"விடு பிள்ள! கத்திய விடு! மூடப் போகுது!" என்று யூஜீனியா அலறினாள். "அன்னம்மா தாயே, மூடப் போகுது!"

அப்போதுதான் ஸும்றா அவரைப் பார்த்தாள்.

மூக்கு இருந்த இடம் ஒரு மேடு. ஒரு கண் இல்லை. மற்றது திறந்தபடி அவளையே பார்த்தது. மேட்டுக்குக் கீழே ஒரு சிவந்த கீறல். அதன் இரு முனைகளும் நடுவை நோக்கி அவசரமில்லாமல் நகர்ந்து வந்தன. சந்தித்தன. சப். பிறகு அங்கே தோல் மட்டும். அவர் மூச்சை இழுக்க, அந்தத் தோல் உள்ளே குழிந்தது.

"வெட்டு!"

ஸும்றா வெட்டினாள். இரத்தமும் காற்றும் ஒன்றாகச் சீறின. அவருடைய உடம்பு வில்லாக வளைந்து விழுந்தது.

"விடியக்கால நாலு மணில இருந்து வெட்டுறன்," என்றாள் யூஜீனியா. அவள் அழவில்லை. அவர் தலையைத் தன் மடியில் தூக்கிவைத்து, கன்னங்களை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். "முதல்ல அர மணித்தியாலத்துக்கு ஒருக்கா. பிறகு அஞ்சு நிமிசம். குழாய் ஒண்டையும் வச்சிப் பாத்தன். சத தள்ளி வெளிய துப்பிட்டுது."

"ஆருக்கும் சொல்லல்லையா அக்கா? ஆஸ்பத்திரிக்கு?"

"விட்டாரா? என்ட போனயும் அவர்ட போனயும் சுவத்தில அடிச்சி ஒடச்சிட்டார். வேலை கெட்டுப் போயிருமெண்டு எழுதிக் காட்டினார். கதவையும் பூட்டி வச்சிருந்தார். பிறகுதான் பயந்து பூட்டத் திறந்தார். அதுக்குப் பிறகு நான் எங்க எழும்பிப் போக? ரெண்டு மூச்சுக்கு ஒருக்கா மூடுதே."

சப்.

ஸும்றா இடது கையால் அம்பியூலன்ஸுக்குப் போன் அடித்தாள். இருபது நிமிடம் என்றார்கள். வலது கையால் வெட்டினாள். ஒரு மூச்சு. சப். வெட்டினாள். அரை மூச்சு. சப். உடம்பின் ஒவ்வொரு திறப்பையும் காயமென்று எண்ணி மூடும் நொதியம் அவளுடையது. வரைபு அவளுடையது. எந்த இடத்தில் கோட்டை வெட்டினோம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். நான்காம் நாள். இன்று நான்காம் நாள்.

"யா அல்லாஹ், நான்தான். சேர், நான்தான். என்ன மன்னிச்சிக்கோங்க."

அந்த ஒற்றைக் கண் அவளை விட்டு அகலவில்லை. கில்பட்டின் கை மெல்ல எழுந்து அவள் மணிக்கட்டைப் பற்றியது. தட்டிவிடப் போகிறார் என்று நினைத்தாள். அவர் தட்டிவிடவில்லை. கத்தியோடு அவள் கையைக் கீழே இழுத்தார். தாடைக்குக் கீழே. கழுத்துக்கு.

"வேணாம் சேர்! வேணாம்! அக்கா, புடிங்க, புடிங்க!"

யூஜீனியா கையை எடுக்கவில்லை. ஸும்றா முழங்காலால் அவரைத் தள்ளினாள், பின்னால் சாய்ந்தாள், மறு கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தாள். சாகத் துணிந்த மனிதனின் பலம் அது. அலகு ஒரு காதிலிருந்து மறு காதுவரை ஓடியது. இரத்தம் அடுப்புக்கல் வரை பாய்ந்தது. சுவரில் அடித்தது. அவள் வாய்க்குள் போனது. உப்பு. சூடு.

பிறகு பாய்ச்சல் குறைந்தது.

சொட்டாகியது.

நின்றது.

கழுத்தைச் சுற்றி நீளமாக, ஒருமுறை, நிதானமாக, சப்.

கில்பட் செத்துப் போகவில்லை. அந்த ஒற்றைக் கண்ணில் நீர் நிறைந்தது. அது வழிவதற்குள் இமைகள் ஒட்டிக்கொண்டன. உள்ளே அடைபட்ட கண்ணீர் மெல்லிய தோலுக்குப் பின்னால் கொப்புளமாகத் திரண்டது. நெஞ்சு ஏறியது. இறங்கியது. வழியில்லாமலே ஏறியது. வாயிருந்த தோல் உள்ளே குழிந்தது, வெளியே உப்பியது. உள்ளிருந்து அவர் கத்திக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் வரவில்லை. தோல் மேளத்தைப் போல அதிர்ந்தது.

"அக்கா, எழும்புங்க. வெளிய போவம். அக்கா!"

"ஏலாது," என்றாள் யூஜீனியா.

"வாங்க அக்கா."

"ஏலாது பிள்ள. கை."

ஸும்றா பார்த்தாள். விடியற்காலையிலிருந்து கத்தி வழுக்கி வழுக்கி வெட்டுப்பட்டு, அவருடைய இரத்தத்தில் ஊறிய கைகள். அந்தக் கைகள் அவர் கன்னத்தைப் பிடித்திருக்கவில்லை. கன்னத்தில் முடிந்திருந்தன. விரல் எங்கே, முகம் எங்கே என்று காட்ட ஒரு கோடுகூட இல்லை. அவர் தலை துடிக்கும்போதெல்லாம் அவள் தோள்களும் துடித்தன.

"வெட்டி விடு," என்றாள் யூஜீனியா, மிகத் தணிந்த குரலில். "மணிக்கட்டோட வெட்டி விடு. அம்மாட வீட்ட போகணும்."

ஸும்றா வெட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு, எலும்பில் அலகு இறங்கும்வரை, அலறல் காதுக்குள் இறங்கி நிற்கும்வரை வெட்டினாள். அலகைப் பின்னால் இழுத்தாள். அதன் பின்னாலேயே சதை மூடிக்கொண்டு வந்தது.

சப்.

வாசலில் வாகனம் ஒன்று வந்து நின்றது. கதவுகள் அடிபட்டன. செருப்புக் காலடிகள் மணலில் ஓடிவந்தன. வெள்ளைச் சட்டை போட்ட இளைஞன் ஒருவன் குசினி வாசலில் நின்றான். தரையைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். மடியில் இருந்ததைப் பார்த்துவிட்டுக் கதவு நிலையைப் பற்றிக்கொண்டான். கடைசியாக, முழுக்கச் சிவந்து நின்ற ஸும்றாவைப் பார்த்தான். பின்னால் வந்தவன் ஓங்காளித்துக்கொண்டு திரும்பி ஓடினான்.

"தங்கச்சி," என்றான் அவன். "கத்தியக் கீழ போடுங்க. ஒண்டும் செய்ய மாட்டம். கத்திய மட்டும் கீழ போடுங்க."

அவளும் அதைத்தான் விரும்பினாள். "ஓம்," என்றாள். அலகைப் பிடித்துப் பறித்தபோது கிழிந்த உள்ளங்கை இப்போது கொஞ்சமும் வலிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விரல்களை விரிக்கப் பார்த்தாள்.

"தங்கச்சி, போடுங்க!"

"ஓம். போடுறன். போடுறன்."

கையைத் தூக்கி அவனுக்குக் காட்டினாள். அங்கே விரல்கள் இல்லை. நகங்கள் இல்லை. மணிக்கட்டின் முனையில் வழவழவென்று உருண்ட சதை, அதன் நடுவிலிருந்து முளைத்து நிற்கும் அலகு.