லூப்பேயின் பத்து நகங்கள்

இனாலா என்ற ஊரின் கடைத்தெருவில் உயெனின் அம்மா தோவா, நகம் அழகுபடுத்தும் கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் உயென் எதைத் தொட்டாலும் திட்டு விழும். ஜிகினாப் புட்டிகளை அடுக்கி வைப்பது மட்டும் அவள் வேலை. பத்து வயதுக்காரிக்கு அதுவே பெரிய பதவி. பதவி கொஞ்சம் தலைக்கேறியும் போயிருந்தது.

சனிக்கிழமை காலையில் அவளுடைய வகுப்புத் தோழி லூப்பே மூச்சு வாங்க ஓடிவந்தாள். லூப்பே தொங்கா என்ற தீவு நாட்டுக்காரர் வீட்டுப் பெண். அன்று மாலை அவள் அண்ணனுக்கு இருபத்தொன்றாவது பிறந்தநாள் விருந்து. அதில் லூப்பே முதல்முறையாகத் தனியாக ஆடப்போகிறாள்.

“எங்க ஆட்டத்துல காலை யாரும் பாக்க மாட்டாங்க. எல்லார் கண்ணும் கை மேலதான் இருக்கும். ஒரு விரல் கோணினாக்கூட ஃபூசி அத்தை கண்டுபிடிச்சுடுவாங்க. என் நகம் மின்னணும், உயென்!”

“அதுக்குத்தானே நான் இருக்கேன்? பின்பக்கமா வா.”

அம்மா முன்பக்கம் ஒரு வாடிக்கையாளரோடு மும்முரமாக இருந்தார். பின்வாசல் படியில் உயென் புட்டிகளைப் பரப்பினாள். லூப்பே ரோஜா நிறப் பொடியை ஆசையாக எடுத்தாள்.

“அது வேணாம். கிட்டப் பாத்தாத்தான் அழகு. தூரத்துல இருந்து பாத்தா மணல்ல கையை விட்ட மாதிரி இருக்கும். பெரிய பெரிய துண்டா இருந்தாத்தான் வெளிச்சம் பட்டு மின்னும். உன் நிறத்துக்குத் தங்கம் தூக்கும் பாரு.”

“நீ சொன்னா சரிதான்.”

ஜிகினா தேர்ந்தெடுப்பதில் உயென் நிஜமாகவே கெட்டிக்காரி. வம்பு அதற்கு அடியில் இருந்தது. நகத்தில் முதலில் பூசவேண்டிய அடிப்பூச்சு அம்மாவின் இழுப்பறையில் இருந்தது. போய்க் கேட்டால், “இரு, நானே போட்டுவிடுறேன்” என்று அம்மா வந்துவிடுவார். அப்புறம் உயென் பஞ்சு எடுத்துக் கொடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவளுக்கு அதில் விருப்பம் இல்லை.

பள்ளிக்கூடப் பையில் வெள்ளைப் பசை இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு ஜிகினா வைக்கும்போது அம்மா அடியில் அதைத்தான் பூசுவார். பள்ளிக்குப் போகுமுன் வாழைப்பழத் தோல்போல உரித்துவிடலாம். ஆனால், தண்ணீரில் ஊறினால் நிற்காது. அதுவும் உயெனுக்குத் தெரியும்.

தெரிந்தும் பசையைப் பூசினாள். அது காய்ந்ததும் அதன்மேல் நிறமில்லாத பூச்சு. தூரிகையால் இழுத்தால் ஜிகினா ஓரத்துக்கு ஓடிவிடும் என்று, ஸ்பாஞ்ச் துண்டால் ஒற்றி ஒற்றி வைத்தாள். கடைசியில் ஒரு பளபளப்புப் பூச்சு. பத்து நகமும் தகதகவென்று மின்னின.

“ஆட்டம் முடியுற வரைக்கும் நிக்குமாடி?” என்று கேட்டாள் லூப்பே.

“கடல்ல குதிச்சாலும் நிக்கும்!”

‘தண்ணீரில் கை வைக்காதே’ என்றாவது சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் பசை விஷயம் வெளியே வந்துவிடுமே! உயென் வாயை மூடிக்கொண்டாள்.

மாலையில் விருந்துக் கூடத்துக்குப் போனதும், உயென் நேராகப் பக்கத்து அறைக்கு ஓடினாள். அங்கே லூப்பே ஆட்டத்துக்கான உடையில் நின்றிருந்தாள். ஃபூசி அத்தை அவள் தோளிலிருந்து விரல்நுனி வரை தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“காலையில இருந்து சேப்பங்கிழங்கு இலை கழுவிக் கழுவிக் கையே ஊறிப்போச்சு. ஊருக்கே சமையல் இல்லையா!” என்று சிரித்தாள் லூப்பே.

உயென் அவள் நகங்களை உற்றுப் பார்த்தாள். ஓரங்கள் மெல்லத் தூக்கிக்கொண்டிருந்தன.

அத்தை கட்டைவிரலை அழுத்தித் தேய்த்தார். தங்கம் முழுசாகக் கழன்று அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

“அட, இதென்ன மீன் செதில் மாதிரி?” என்றார் அத்தை.

“அத்தை! மெதுவாத் தேய்க்கக் கூடாதா?” லூப்பேயின் உதடு துடித்தது.

“என் கண்ணு, நான்தான் கெடுத்துட்டேனா? இந்த முரட்டுக் கையை என்ன பண்றது!”

உயென் பேசாமல் நின்றிருந்தால் போதும். பழி அத்தையோடு போயிருக்கும். அத்தையோ பாவம், தன் கையையே முறைத்துக்கொண்டிருந்தார். உயெனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அத்தை மேல தப்பில்ல. அடியில நான் பள்ளிக்கூடத்துப் பசையைப் பூசிட்டேன். தண்ணி பட்டா நிக்காதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் சொல்லல.”

லூப்பே அவளை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

“மத்ததும் ஆடுறப்ப ஒண்ணொண்ணா விழும், லூப்பே. எல்லாரும் அதைத்தான் பாப்பாங்க. கையைக் குடு, உரிச்சிடுறேன். பசைங்கறதால சட்டுனு வந்துடும்.”

லூப்பே முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டினாள். காலையில் ஒற்றி ஒற்றி வைத்த ஜிகினாவை உயென் ஒவ்வொரு விரலாக உரித்து எடுத்தாள். ஈரத்துணியால் பசையைத் துடைத்தாள். அத்தை மறுபடியும் எண்ணெய் தடவி, லூப்பேயைக் கூடத்துக்குள் அனுப்பினார்.

கதவோரம் நின்று உயென் பார்த்தாள். லூப்பேயின் கைகள் மெல்ல உயர்ந்தன, மணிக்கட்டு சுழன்றது, விரல்கள் வளைந்து வளைந்து பேசின. உறவுக்காரர்கள் எழுந்து வந்து, எண்ணெய் மின்னும் அவள் கையிலும் தோளிலும் அன்பளிப்பாகப் பணநோட்டுகளை ஒட்டினார்கள். ஒரு பருத்த மாமா ஆடிக்கொண்டே வந்து அவள் நெற்றியில் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். வெறும் எண்ணெயிலேயே நோட்டு ஒட்டுகிறது, நான் வைத்த ஜிகினா நிற்கவில்லையே என்று நினைத்ததும் உயெனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நகத்தை யாரும் கவனிக்கவே இல்லை. உயென் மட்டும் கவனித்தாள். கை விளக்குப் பக்கம் திரும்பும்போதெல்லாம், இந்த இடத்தில் மின்னியிருக்குமே என்று அவள் மனசு அடித்துக்கொண்டது.

ஆட்டம் முடிந்தபின் லூப்பே ஒரு தட்டு நிறையச் சாப்பாட்டோடு வந்து, உயெனிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

“ரொம்ப நல்லா ஆடுன.”

“தெரியும்.”

“என்னை மன்னிச்சுடுடி.”

“இன்னைக்கு முடியாது. திங்கக்கிழமை முழுக்க உன்கூடப் பேச மாட்டேன்.”

“செவ்வாய்க்கிழமை?”

லூப்பே வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். “அப்ப பாக்கலாம்” என்று சொல்லிவிட்டு, தட்டை நடு நாற்காலியில் வைத்தாள்.

அன்றைக்கே உயென் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புட்டி அடுக்கும் பதவி பறிபோனது. திங்கட்கிழமை லூப்பே சொன்னபடியே பேசவில்லை. உயென் ரப்பர் கடன் கேட்டதற்குக்கூட, மேசையில் தள்ளிவிட்டாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை, மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே உயென் பள்ளி வாசலில் போய் நின்றாள். லூப்பே மெதுவாக நடந்து வந்தாள்.

“இன்னும் பாதிக் கோபம் இருக்கு” என்றாள்.

“இருக்கட்டும்” என்று சொல்லி, உயென் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.