கலங்கிய வெள்ளிநீர்

நிந்தவூரில், ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன் மீராமுகைதீனின் வீட்டுக்கு நதீரா வந்தபோது பின்னேர அஸர் தொழுகை முடிந்திருந்தது. கையில் ஒரு மண்ணிறப் போத்தல். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்று அழைப்பவள், அதை மேசையில் வைத்துவிட்டு உட்காராமலே பேசினாள்.

"காக்கா, இதைக் கெடுத்தவன் துசாந். நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை. எனக்கு ஆதாரம் வேணும்."

மீராமுகைதீனின் நண்பர் மிஹ்லார் ஓட்டோ ஓட்டுபவர். துப்பு என்று கேள்விப்பட்டால் வாடகையையும் விட்டுவிடுவார். கதிரையை முன்னால் இழுத்தார்.

நதீராவும் காரைதீவுத் துசாந்தும் பல்கலைக்கழகத்தில் ஒரே ஆய்வுகூடத்தில் ஆராய்ச்சி செய்பவர்கள். வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் மருதோன்றி இலைச் சாற்றை விட்டால், தேன் நிறமாகி, பிறகு கபில நிறமாகும். அப்போது வெள்ளி நனோ துணிக்கைகளாக மாறியிருக்கும். புண்ணை அழுக வைக்கும் பற்றீரியாவை அவை கொல்லும். வெள்ளிக்கிழமை பரீட்சகர்கள் முன்னால் அவள் அதைச் செய்து காட்ட வேண்டும். மலேசியாவில் மேற்படிப்புக்கு ஓர் இடம்தான். முதற்பெயர் நதீரா, அடுத்தது துசாந்.

"ஆய்வுகூடம் பூட்டெண்டு இந்த வெள்ளிக் கரைசல் போத்தலை வீட்டுக்குக் கொண்டு வந்தன். திங்கட்கிழமை பின்னேரம் கொப்பி வாங்க வந்தான். முன்னறையில அஞ்சு நிமிஷம் தனிய இருந்தான். செவ்வாய் காலையில பார்த்தா, பால் மாதிரி!"

"அளவு குறைஞ்சிருந்ததா?"

"இல்ல. நான் கீறின கோட்டுக்குச் சரியா இருந்தது."

"என்ன பட்டா இப்படிக் கலங்கும்?"

"உப்பு. அவன் உப்புப் போட்டிருக்கான்."

"காரைதீவில கடலே இருக்கு!" என்றார் மிஹ்லார். மீராமுகைதீன் அவரைப் பார்க்கவில்லை.

"இது கையில பட்டா?"

"வெயில் பட்டதும் கறுக்கும். சவுக்காரம் போட்டுத் தேய்ச்சாலும் போகாது. தோல் உரிஞ்சாத்தான் போகும்."

"விசாரணைக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க?"

நதீரா போத்தலைத் தடவினாள். "மூடியைத் திறந்ததைக் கண்ணால கண்டன் எண்டு."

"கண்டீங்களா?"

"அவன்தான் காக்கா செய்திருப்பான்! சந்தேகம் எண்டு எழுதினா ஆர் கேப்பாங்க?"

கல்முனையில் இருந்த அவள் வீட்டுக்குப் போகும் வழியில் காரைதீவில் ஓட்டோ நின்றது. துசாந் வாசலுக்கு வந்து, ஓட்டோவுக்குள் இருந்த நதீராவைக் கண்டதும் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். சுத்தமாக இருந்தன.

"பாருங்க அண்ணன், நல்லாப் பாருங்க. நாளைக்கு என்னை வெளிய போடப் போறாங்க. அம்மாவுக்கு இன்னும் சொல்லல்ல."

"கையுறை போட்டிருப்பான்," என்றாள் நதீரா, ஓட்டோ நகர்ந்ததும்.

வீட்டில் அவளுடைய மூத்த சகோதரி, றுக்ஸானா ராத்தா, மட்டும் இருந்தாள். கணவன் மௌத்தாகி இரண்டு மாதம். நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை, விதவை இருக்க வேண்டிய இத்தா. வெளி ஆண்களின் முன்னால் வரமாட்டாள், அலங்காரமும் செய்யமாட்டாள்.

"மச்சானுக்கு என்ன வருத்தம்?"

"சீனி வருத்தம். கால் புண் அழுகி..." நதீரா கதிரைகளை இழுத்துப் போட்டாள்.

உள்ளறை வாசல் திரைக்குப் பின்னாலிருந்து தேத்தண்ணித் தட்டம் நீண்டது. வெள்ளைச் சட்டைக் கை, காப்பு இல்லை. விரல் நுனிகளில் மருதோன்றி, கறுப்பு என்றே சொல்லத்தக்க சிவப்பு.

"நல்லாப் பிடிச்சிருக்கு," என்று முணுமுணுத்தார் மிஹ்லார்.

மீராமுகைதீன் முன்னறை அலுமாரியைத் திறந்தார். போத்தல் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கான் காய்ச்சி வடித்த நீர், பெயர் எழுதி ஒட்டியபடி. பின்பு பின்வளவுக் கிணற்றுக்குப் போய் ஒரு வாய் குடித்துப் பார்த்துத் துப்பினார். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்.

"கெடுக்க மட்டும் நினைச்சவர் போத்தலைக் கவிட்டிருப்பார். இவர் பாதியை ஊத்திப்போட்டு, கோடு வரைக்கும் திரும்ப நிரப்பியிருக்கார். தொட்டதே தெரியக்கூடாதெண்டு. உப்புப் பட்டா உடனே கலங்கித் தெரியும் எண்டு துசாந்துக்குத் தெரியும்; அவன் எண்டா பக்கத்தில இருந்த வடிச்ச தண்ணியை விட்டிருப்பான், கலங்கியிருக்காது. கடலோரக் கிணத்து உப்புத் தண்ணி வெள்ளியைக் கலக்கும் எண்டு தெரியாத ஒராள்தான் அதை விட்டிருக்கு."

நதீராவின் முகம் மாறியது. மிஹ்லார் திரையைப் பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் விளங்கியது.

"அந்த ஒராளிட விரல் கறுத்திருக்கும். மறைக்க இந்த வளவில மருதோன்றி மரம் இருக்கு. றுக்ஸானா தங்கச்சி, இத்தாவில மருதோன்றி போடக்கூடாதெண்டு உங்களுக்குத் தெரியாதா?"

திரை அசையவில்லை. குரல் மட்டும் வந்தது.

"தெரியும் காக்கா. அவரிட கால் புண்ணில அந்த மருந்தில ஒரு சொட்டுப் பூசு எண்டு இவளிட காலைப் பிடிச்சன். மனிசருக்குப் பரிசோதிக்கல்ல, சட்டம் விடாது எண்டாள். அவர் கிடந்த அறைக்குள்ள கடைசியில நாத்தத்தில ஒருத்தரும் வரல்ல. இப்ப அதே மருந்தைக் காட்டிப் பிளேன் ஏறப் போறாள்."

"பூசியிருந்தாலும் தப்பியிருக்க மாட்டார்," என்றாள் நதீரா.

"அதுவும் தெரியும். நீ பூசல்லயே."

நதீரா மீராமுகைதீனின் அருகே வந்தாள்.

"காக்கா, இது இந்த வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ராத்தா இத்தாவில மருதோன்றி போட்ட கதை வெளிய போனா ஊர் வாயில நாங்க ரெண்டு பேரும் அரைபடுவம். துசாந் ஆம்பிள, வேற இடம் தேடிக்கொள்வான்."

"கடிதத்தைத் திருப்பி வாங்குங்க."

"வாங்கினா நான் பொய் எழுதினவள். இடம் அவனுக்குப் போகும்."

"நீங்க பொய் எழுதினவர்தானே, தங்கச்சி."

அவர் கைப்பேசியை எடுத்து, காரைதீவில் வாங்கி வைத்திருந்த இலக்கத்தை அழுத்தினார். நதீரா அவருடைய கையைப் பிடிக்க வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"துசாந், மீராமுகைதீன் கதைக்கிறன். போத்தலைத் தொட்டது நீங்க இல்ல. நாளைக்குப் பத்து மணிக்கு வந்து நானே சொல்றன். ஓம்... ஓம். அம்மாவுக்கு ஒண்டும் சொல்லத் தேவையில்ல."

நதீரா நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். மிஹ்லார் அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மீராமுகைதீன் வாசற்படியில் கால் வைக்கும்போது, திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு எழுந்தது. சின்னதாக, மூச்சு வாங்கிக்கொண்டு.

"நான் போத்தலை மட்டும்தான் கெடுக்க நினைச்சன், காக்கா. மிச்சத்தை நீங்க முடிச்சுத் தந்திட்டீங்க."