பொன்னப்பன் கடைத் தரை

1954 ஐப்பசியில் ஒரு காலை, நெய்யாற்றின்கரை வக்கீல் வேதமாணிக்கத்தின் அறைக்குள் கம்பு ஊன்றிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பெயர் சுகிர்தபாய், பாறசாலையில் தையல்காரி. இரண்டு மாதத்துக்கு முன் பொன்னப்பனின் பலசரக்குக் கடையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி மெஷினை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கணவன் ராஜையா, தமிழ்த் தாலுகாக்களைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட எல்லைப் போராட்டத்தில் தலைமறைவு. ஊர்வலத்தில் கல்லெறிந்ததாக அவன்மேல் வாரண்டு இருந்தது. வீட்டில் அவள் தனி.

பொன்னப்பன் நஷ்டஈடு தர மறுத்துவிட்டார். அவள் கையிலிருந்த எண்ணெய்க் குப்பி உடைந்து, அந்த எண்ணெயில் அவளே வழுக்கினாள் என்பது அவர் கட்சி. தான் இன்னும் எண்ணெய் வாங்கவே இல்லை, குப்பி காலியாக இருந்தது என்றாள் அவள். பார்த்தவன் கடை வேலையாள் கிருஷ்ணன்குட்டி ஒருவன்தான்.

குமாஸ்தா கனகதாஸ் உடனே பிராது எழுதப் பேனாவை எடுத்தார். வக்கீல் கையமர்த்திவிட்டு அவளிடம் கேட்டார்.

"அண்ணைக்கு உடுத்த சேலை உண்டா?"

உண்டு. ஆஸ்பத்திரியில் சுருட்டிக் கொடுத்தது துவைக்காமலே கிடந்தது. மறுநாள் பாறசாலையில் அவள் வீட்டில் அதைப் பிரித்துப் பார்த்த வேதமாணிக்கம், அவளையும் கனகதாஸையும் கூட்டிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனார்.

பொன்னப்பன் மரியாதையாகவே நாற்காலி போட்டார். "தறை உலர்ந்து கிடந்துதாக்கும், வக்கீலே. அவ குப்பி உடைஞ்சுதான் எண்ணெய் ஆச்சு. அவளத் தூக்கிட்டுப் போன பொறவு நானே நிண்ணு சாம்பல் போட்டுத் துடைக்கச் சொன்னேன்."

அதற்கு முன் சாம்பல் போட்டதுண்டா என்று வக்கீல் கேட்டார். உலர்ந்த தரைக்கு எதற்கு என்றார் அவர். கிருஷ்ணன்குட்டியும் தலை நிமிராமல் அதையே சொன்னான்.

வேதமாணிக்கம் சேலையை மேசைமேல் விரித்தார். இடுப்புப் பக்கத்து எண்ணெய்க் கறைக்குள் சாம்பல் பசைபோல அப்பியிருந்தது.

"தூக்கிட்டுப் போன பொறவு போட்ட சாம்பல், அவ உடுத்த சேலையில எப்படி வந்துது? எண்ணெய் முன்னமே சிந்தியிருக்கு. துடைக்காம மேல சாம்பலத் தூவினதில மினுக்கம் மறைஞ்சு போச்சு. உலர்ந்த தறைண்ணு நெனச்சு இவ கால வச்சா. தெரிஞ்சும் சொல்லாம விட்டது உங்க குற்றமாக்கும்."

கிருஷ்ணன்குட்டி உடைந்துவிட்டான். அன்று காலையிலேயே எண்ணெய்த் தகரம் ஒழுகியது, ஆள் வரும் நேரத்தில் கழுவ வேண்டாம், சாம்பல் போதும் என்று முதலாளி சொன்னார் என்றான்.

பொன்னப்பன் கோபப்படவில்லை. சுகிர்தபாயைப் பார்த்தபடி வக்கீலிடம் சொன்னார்.

"கேஸ் குடுங்க. சாட்சிக் கூட்டில இவ ஏறினா எங்க வக்கீலும் ஒண்ணு கேப்பாரு. தனியா கெடக்கிறவ வாரந்தோறும் ரெண்டு கட்டு பீடி ஆருக்கு வாங்கினா? இப்ப அத ஆரு கொண்டு குடுக்கிறது? பதிலக் கேக்கப் போலீசும் அங்கதான் நிக்கும்."

சுகிர்தபாய் சேலையை எடுத்து மடித்து, கறை உள்ளே போகும்படி இன்னொரு முறை மடித்தாள். "கேஸ் வேண்டாம், சார்," என்றாள்.

எல்லாம் நிரூபித்தாயிற்றே என்று கனகதாஸ் காதோரம் முணுமுணுத்தார்.

"நாம இண்ணைக்குத்தான் கண்டுபிடிச்சோம்," என்றார் வேதமாணிக்கம். "பீடி ஆருக்குண்ணு அவன் எப்பவோ கண்டுபிடிச்சு வச்சிருக்கான்."

அவர் நீட்டிய கையைச் சுகிர்தபாய் பிடிக்கவில்லை. சுவரைப் பற்றிக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் கடைசிப் படி தாண்டும்வரை பொன்னப்பன் கைகட்டி நின்றார். பிறகு, சாமான் வாங்க வெளியே காத்திருந்தவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டார்.