ஈர மண்

சோதனையை நிறுத்திய பிறகும் ரிலேயின் திரையில் மின்னோட்டம் காட்டிக்கொண்டிருந்தது. மிகச் சிறிய எண்தான். ஆனால் சுழியமாக நிற்க வேண்டிய இடத்தில், அது ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.

ஜெயபிரியா திரையைத் துப்பட்டாவால் துடைத்துப் பார்த்தாள். எண் அசைந்தது.

கடத்தூர் சாலையோரத்து அந்த ஆய்வுக்கூடத்தில் உண்மையான மின்பாதை எதுவும் கிடையாது. கம்பம், கம்பி, துணைமின் நிலையம் எல்லாமே கணினிக்குள் ஓடும் கணக்கு. நிஜ மின்சாரம் மாறும் அதே வேகத்தில் கணினி கணக்கைப் போட்டுக்கொண்டே போகும். பக்கத்திலிருக்கும் ஆம்ப்ளிஃபயர் விடையை நிஜ மின்சாரமாக்கி ரிலேக்குக் கொடுக்கும். ரிலே என்கிற அந்தக் காவல் பெட்டி மட்டும்தான் அசல். ஏதோ காட்டுவழி லைனுக்குக் காவல் நிற்பதாக அது முழுசாக நம்பும். கம்பி அறுந்து விழுந்தால் உடனே லைனைத் துண்டிக்கச் சொல்லவேண்டும்.

மதியம் அது சொல்லவில்லை. பென்னாகரம் பக்கத்துப் பாறைக்காட்டில் கம்பி விழுவதாகக் கணக்கு. காய்ந்த பாறை மின்சாரத்தை அவ்வளவாக இழுக்காது. ரிலேக்கு எதுவுமே நடக்காததுபோல் தோன்றும். கம்பி மின்சாரம் அறாமல் உயிரோடு தரையில் கிடக்கும். ரிலேயை வாங்க வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். ஜெயபிரியா கணினியில் மண்ணுக்கான எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றினாள். பாறை ஈர வயலானது. ரிலே டக்கென்று அடித்தது. கைதட்டினார்கள். அவளுக்குக் காது மடல் எரிந்தது.

அவர்கள் போனதும் மூத்த பொறியாளர் முகம்மது கவுஸ் சிரித்தார்.

"ஏம்மா பிரியா, பென்னாகரத்துல எப்ப மழை பேஞ்சுது? எனக்குச் சொல்லவே இல்ல?"

"விடுங்கண்ணா... அனுப்பறதுக்குள்ள சரி பண்ணிர்றேன்."

"அங்க ஆடு ஓட்டறவங்க செருப்புகூடப் போடமாட்டாங்க. ஃபெயிலுன்னு அவங்களுக்கு இப்பவே மெயில் போட்டுரு. நான் தொழுதுட்டு வந்தர்றேன்."

அவர் போனபின் அவள் ஒரு வரிகூட அடிக்கவில்லை. அப்போதுதான் அந்த எண் கண்ணில் பட்டது.

ஆம்ப்ளிஃபயரை அணைத்தாள். அதன் விசிறி முனகி அடங்கியது. எண் அடங்கவில்லை. ரிலேக்குப் போகும் ஒயர்களைப் பிடுங்கித் தரையில் போட்டாள். வெறும் செம்பு முனைகள் சிமெண்டில் கிடந்தன. எண் ஏறியது. இறங்கியது.

கவுஸுக்கு ஃபோன் செய்யலாம். செய்தால் முதலில் மெயிலைப் பற்றித்தான் கேட்பார். எடுத்த ஃபோனைத் திரும்ப வைத்தாள்.

மின்னோட்டத்தின் அலையைக் கண்ணால் பார்ப்பதோடு காதாலும் கேட்பது அவர்கள் வழக்கம். கண் தவறவிடுவதைக் காது பிடித்துவிடும். ஸ்பீக்கரைப் போட்டாள். வழக்கமான உறுமல். அதற்கு அடியில், எங்கோ தூரத்தில், ஆட்டு மணிகள். மயிர் கருகும் வாடை ஒன்று அறைக்குள் மெல்லப் பரவியது. கம்பி மண்ணில் கிடந்தால் அலை பொரியும், சிதறும். இது சிதறவில்லை. மூச்சைப்போல இழுத்தது. விட்டது. இழுத்தது.

மண் இல்லை இது.

யாரோ பிடித்திருக்கிறார்கள். விடமுடியாமல்.

ரிலேயின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். டக். லைனைத் துண்டிக்கும் கட்டளை போயிற்று. துண்டிக்க வேண்டிய சுவிட்ச் கணினிக்குள் இருந்தது. கணினிக்குள் மட்டும்.

மறுபடி அமுக்கினாள். மறுபடி.

கதவு திறந்தது. கவுஸ், செருப்பை வெளியே விட்டுவிட்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டபடி வந்தார்.

"மெயில் போயிருச்சாம்மா?"

கிட்ட வராதீங்க என்று சொல்லவேண்டும். ஏன் என்பார். அதையும் சொல்லவேண்டும். அவள் பொத்தானையே மறுபடி அமுக்கினாள்.

"போடலியா? சரி, உன்னை யாரும் கடிச்சுத் திங்கமாட்டாங்க." குனிந்தார். "இதென்ன, ஒயரெல்லாம் கீழ கெடக்குது?"

எடுத்தார்.

விரல்கள் மூடின. திறக்கவில்லை.

அவளைப் பார்த்து வந்த சிரிப்பு அவர் முகத்தில் அப்படியே நின்றது. பற்கள். ஈறு. இமைக்காத கண்கள்.

ஸ்பீக்கரில் இப்போது இரண்டு மூச்சுகள்.

ரிலேயின் பச்சை விளக்கு, எல்லாம் சரியாக இருக்கிறதென்று, சீராக எரிந்தது.